கணக்கில் வராத ஏழாவது கோயில்

ஹாரோ, இலோயிலோ
20 ஏப்ரல் 1993

மிஸ் அம்பாரோ டிமகிலிங் அவர்களுக்கு,

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று மணிலாவின் ஏழு பழைய கோயில்களைச் சுற்றிக் காட்ட நீங்கள் கூட்டிப்போன வேனில், ஓட்டுநருக்குப் பின் சீட்டில் விசிறியோடு உட்கார்ந்திருந்தவள் நான். "அம்மா, அந்தக் காத்துல கொஞ்சம் எங்களுக்கும் குடுங்க" என்று மைக்கில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தீர்கள். அந்த அம்மாதான்.

முதல் ஆறு கோயில்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நீங்கள் ஓயாமல் பேசுகிறீர்கள் என்பதைத் தவிர. சான் செபாஸ்தியான் கோயில் முழுக்க இரும்பு, துண்டு துண்டாகக் கப்பலில் வந்து இறங்கியது என்று நீங்கள் விவரித்தபோது நான் மன்றாடிக்கொண்டிருந்தேன். என் மன்றாட்டு முழுக்க ஆணியும் திருகாணியுமாகப் போய்விட்டது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஏழாவது கோயிலைத்தான் பொறுக்க முடியவில்லை. தோண்டோ சந்துக்குள் இருந்த அந்தச் சின்னக் கோயிலில் மேசைமேல் கிடந்த செபத்தாள் ஒன்றை எடுத்துவந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் அதைப் பெருமையாகச் சுற்றுக்கு விட்டேன். சங்கத் தலைவி பத்ரோசினியோ அம்மாள் பின்பக்கம் திருப்பிப் படித்தாள். உயிர் நண்டைத் தொட்டவள்போல் கையை உதறினாள். பங்குச் சாமியார் வாங்கிப் பார்த்துவிட்டு, "கொன்சொர்சியா, நீங்க போயும் போயும் அக்லிபாய் கோயில்லயா முட்டி போட்டீங்க?" என்று கேட்டார். இருபத்திரண்டு பெண்கள் முன்னால்.

ரோமாபுரியோடு முறித்துக்கொண்டு போன பதிதர்களின் கோயிலுக்கு ஒரு கத்தோலிக்க விதவையை, அதுவும் பெரிய வியாழனன்று, கூட்டிப்போக உங்களுக்கு எப்படி மனம் வந்தது? வெளியே மாதா, உள்ளே மாதா, மெழுகுவர்த்தி, சாம்பிராணி என்று எல்லாம் நம்முடையதைப் போலவே வைத்திருந்தால் என்னைப் போன்றவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

நேர்ச்சை என்றால் ஏழு கோயில். ஆறு என்றால் அது சுற்றுலா. நான் கேட்டது சின்ன விஷயமும் இல்லை, என் ஒரே மகளின் வாழ்க்கை. அது இப்போது அரைகுறையாகத் தொங்குகிறது. உங்கள் முதலாளிக்கும் எழுதியிருக்கிறேன்.

கொன்சொர்சியா பால்மாரெஸ்


தோண்டோ, மணிலா
30 ஏப்ரல் 1993

அன்புள்ள கொன்சொர்சியா அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் முதலாளிக்கு வந்து சேர்ந்தது. மே மாதப் பயணம் எல்லாவற்றிலிருந்தும் என் பெயரை எடுத்துவிட்டார். மே மாதம் எங்களுக்கு எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்கே தெரியும். ஊருக்கு ஊர் திருவிழா. நான் வீட்டில் உட்கார்ந்து துணி மடிக்கிறேன். ஓயாமல் பேசுகிறேன் என்றீர்களே, இப்போது என் பூனைதான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் மறந்திருந்தால் நான் சொல்கிறேன். ஏழாவதாகப் போக வேண்டியது தோண்டோ பெரிய கோயில். ஊர்வலத்துக்காகச் சாலையை அடைத்துவிட்டார்கள். "இறங்கி நடக்கணும்மா, கொஞ்ச தூரம்தான்" என்றேன். உங்கள் முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "என்னால ஒரு அடி வைக்க முடியாதுடி. பக்கத்துல எந்தக் கோயில் இருக்கோ அதுல இறக்கி விடு. கர்த்தர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்."

பக்கத்தில் இருந்தது நான் ஞானஸ்நானம் வாங்கின கோயில். மைக்கில் தெளிவாகச் சொன்னேன்: "இது நம்ம பட்டியல்ல இல்லாத கோயில், அக்லிபாய் சபைக் கோயில், இஷ்டம் இருக்கிறவங்க இறங்கலாம்." இரண்டு பேர் இறங்காமல் வேனிலேயே உட்கார்ந்து சுமான் அரிசிப் பலகாரத்தை இலை பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நீங்கள் அதற்குள் ஓட்டுநர் தோளைப் பிடித்துக்கொண்டு பாதிப்படி இறங்கிவிட்டீர்கள். மைக்கில் நான் சொல்வதில் உங்களுக்குப் பிடிக்காததைத்தான் காதில் வாங்குவீர்கள் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அந்த ஆறு கோயிலிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிற நேரத்தில் வெளியே வந்துவிட்டீர்கள். எங்கள் கோயிலில் அரைமணி நேரமாகியும் ஆளைக் காணோம். கூப்பிடலாம் என்று உள்ளே வந்தேன். உங்கள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல் திரும்பிப்போய், மணிக்கூண்டைப் பற்றி இல்லாத கதையெல்லாம் அளந்து மற்றவர்களைப் பிடித்துவைத்தேன்.

அப்படி அழுது கேட்டதைக் கர்த்தர் வாசல் பலகையைப் பார்த்துவிட்டா தள்ளிவிடுவார்? அப்படி என்னதான் கேட்டீர்கள்?

பதிதக் கோயிலைச் சேர்ந்த,
அம்பாரோ


ஹாரோ
9 மே 1993

மிஸ் டிமகிலிங்,

நான் என்ன கேட்டேன் என்று விசாரிக்க நீங்கள் என்ன என் பாவசங்கீர்த்தனச் சாமியாரா? ஆனாலும் சொல்கிறேன். சொன்னால்தான் நீங்கள் செய்த காரியத்தின் லட்சணம் உங்களுக்கு உறைக்கும்.

என் மகள் டெல்ஃபினாவுக்கு இருபத்தொன்பது வயது. மணிலாவில் மருந்தாளுநர். ஜூன் பத்தொன்பதாம் தேதி ரொஹெலியோ டும்லாவ் என்கிறவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் போய்ச் சரிசெய்கிறவன். வேலையைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, என் புருஷனே படகு மோட்டார் பழுதுபார்த்தவர்தான். ஆனால் கல்யாணம் எங்கே தெரியுமா? பாண்டகானில் இருக்கும் அக்லிபாய் கோயிலில். பையன் அந்தச் சபை.

அதை நிறுத்தத்தான் ஏழு கோயில் நேர்ந்துகொண்டேன். ஆறு கோயிலில் "இந்தக் கல்யாணம் நின்னு போகணும் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு, ஏழாவதாக நேரே அக்லிபாய் கோயிலுக்குள் போய் முட்டி போட்டிருக்கிறேன். பதினோரு மாதமாக நான் சொல்லாமல் மூடிவைத்திருந்த விஷயம், இப்போது ஹாரோ சந்தையில் மீன் விற்கிறவள்வரைக்கும் தெரிந்துவிட்டது. "அம்மா, நீங்களும் அந்தப் பக்கம் போயிட்டீங்களாமே" என்று கேட்கிறாள்.

பெரிய வாரத்துக்கு முன்னாலேயே டெல்ஃபினா என்னைக் கேட்காமல் அழைப்பிதழில் என் பெயரைப் போட்டுவிட்டாள். திருப்பி அனுப்பிவிட்டேன். உடனே சங்கத்து ஆபீஸுக்குப் போன் போட்டாள். "அம்மா, அப்பாவும் இல்ல. கோயில் வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் என்னைக் கூட்டிப்போக நீங்க மட்டும்தான் இருக்கீங்க. உங்க எடத்துல மாமாவையோ சித்தப்பாவையோ நிறுத்த மாட்டேன். நீங்க வரலேன்னா தனியாவே நடப்பேன்" என்றாள். நடக்கட்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஒன்றிரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் சாமியார்களுக்குப் பெண்டாட்டி உண்டு என்பது நிஜமா? கல்யாணத்தில் மந்திரிக்கிறபோது பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்கிறீர்களா, அல்லது அதுவும் இல்லையா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கொன்சொர்சியா பால்மாரெஸ்


தோண்டோ
17 மே 1993

அன்புள்ள கொன்சொர்சியா அம்மாவுக்கு,

சும்மா தெரிந்துகொள்ளத்தானே கேட்டீர்கள், நானும் சும்மாவே சொல்கிறேன்.

ஆமாம், எங்கள் சாமியாருக்குப் பெண்டாட்டி இருக்கிறாள். பிரசங்கம் நீண்டால் முதல் வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவாள். உடனே அவர் ஆமென் சொல்லிவிடுவார். இந்த வசதி உங்கள் பங்கில் கிடையாது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் எங்களிடமும் இருக்கிறார்கள். கல்யாணத்தில் மெழுகுவர்த்தி, இரண்டு பேர் தோளிலும் சேர்த்துப் போடுகிற முக்காடு, மேலே மாட்டுகிற கயிறு, மாப்பிள்ளை பெண் கையில் கொட்டுகிற காசு, எல்லாம் உங்களுடையதேதான். தாமதமாக வந்து முன்வரிசையில் உட்காருகிற கவுன்சிலர்கூட அதே ஆள்தான்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பெரிய வாரத்துக்கு மணிலாவில் எங்கே தங்கினீர்கள்? பாக்கோவில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் என்று வேனில் சொன்னீர்கள். பாக்கோவுக்கும் பாண்டகானுக்கும் நடுவில் ஒரே ஒரு ஜீப்னி வண்டி. உங்கள் மகள் அங்கேதான் இருக்கிறாளா? பகலும் ராத்திரியும் கப்பலில் வந்து, வீங்கின முட்டியோடு ஆறு கோயில் ஏறி இறங்கி ஆண்டவரிடம் சொன்னீர்கள். பெற்ற பெண்ணை ஒரு தடவை போய்ப் பார்த்தீர்களா?

இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது. என் புருஷன் வீட்டார் கத்தோலிக்கர். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், நீங்கள் முட்டி போட்ட அதே கோயிலில் எங்கள் கல்யாணம். அவன் அம்மா வந்தார். உள்ளே வரவில்லை. எதிர்ச்சாரியில் பீபிங்கா அப்பம் சுடுகிறவளின் கூரைக்கு அடியில், நல்ல உடுப்போடு, புகைக்கு நடுவில் நின்றுகொண்டே இருந்தார். என் புருஷன் பீடத்திலிருந்து திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தான். சாமியார் சொன்ன வார்த்தை ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அவன் கழுத்து திரும்பியதுதான் நினைவிருக்கிறது. மாமியார் நல்ல மனுஷிதான், இன்றைக்கு என் குழந்தைகளுக்கு உயிரையே கொடுப்பார். ஆனால் அந்தப் பத்து தப்படியை இன்னமும் நான் மன்னிக்கவில்லை அம்மா. மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

நீங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாலும் உங்கள் பெண் வாசலைத்தான் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

அம்பாரோ

பின்குறிப்பு: முதலாளி என் இடத்தில் போட்டிருக்கும் ஆள் கியாப்போ கோயிலைக் காட்டி இதுதான் பினோண்டோ என்று சொன்னானாம். யாரும் புகார் எழுதவில்லை.


ஹாரோ
28 மே 1993

அம்பாரோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப்போட்டேன். பிறகு குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்து மறுபடியும் படித்தேன். உன்னை இனிமேல் நீங்கள் என்று எழுத என்னால் முடியாது. இவ்வளவு வாய் இருக்கிறவளை நீ என்றுதான் சொல்ல வேண்டும்.

இல்லை, போய்ப் பார்க்கவில்லை. ஜீப்னி நிற்கிற இடம் வரைக்கும் போனேன். பாண்டகான் என்று பலகை மாட்டின வண்டி வந்தது. "ஏறுங்கம்மா, எடம் இருக்கு" என்று கத்தினான். திரும்பி நடந்துவிட்டேன்.

அந்தக் கோயிலில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். சாமியாரிடமும் சொல்லவில்லை. ஆறு கோயிலிலும் வாக்கியம் தயாராக இருந்தது. முட்டி போட்டேன், சொன்னேன், எழுந்தேன். உங்கள் கோயிலில் முட்டி மடங்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே வியாகுல மாதா சுரூபம். கறுப்பு வெல்வெட் அங்கி, கீழ்விளிம்பில் யாரோ கையால் தைத்த சரிகை. தையல் கோணல்மாணலாகப் போயிருந்தது. என் மகள் ஃபினா பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் தைப்பாள், கன்னியாஸ்திரீகள் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்வார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, கல்யாணம் நிற்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "அவள் தனியா நடக்கக் கூடாது தாயே" என்றுதான் வந்தது. ஒரே ஒரு தடவை சொன்னேன். அப்புறம் அழுகைதான்.

ஏழாவது கோயில் கணக்கில் வராது என்று சாமியார் அடித்துச் சொல்கிறார். நானும் அதைத்தானே உனக்கு எழுதினேன். ஆனால் அது கணக்கில் வராது என்றால், அங்கே நான் கேட்டதும் வராது. இந்த ஒரு மாதமாக அதையேதான் யோசிக்கிறேன். ஆறு கோயிலில் கேட்டது போனால் போகட்டும் என்று நினைக்க முடிகிறது. அந்த ஒன்று போகட்டும் என்று நினைக்க முடியவில்லை.

உன் முதலாளிக்குப் புகாரைத் திரும்பப் பெற்று எழுதிவிட்டேன். உனக்காக இல்லை, கியாப்போவையும் பினோண்டோவையும் மாற்றிச் சொல்கிறவனை வைத்துக்கொண்டு மற்ற பக்தர்கள் என்ன செய்வார்கள்? கூடவே ஒரு டின் பிஸ்கோச்சோ ரொட்டி அனுப்புகிறேன். தபாலில் உடைந்திருந்தால் காப்பியில் போட்டுச் சாப்பிடு.

கொன்சொர்சியா


தோண்டோ
6 ஜூன் 1993

அன்புள்ள அம்மா,

பிஸ்கோச்சோ தூளாகத்தான் வந்தது. என் பையன்கள் ஸ்பூனால் அள்ளித் தின்றார்கள். முதலாளி நேற்று ஆள் அனுப்பினார், வேலைக்குத் திரும்பிவிட்டேன். உங்கள் கடிதத்தை என்னிடம் காட்டினார். "அவர் அதிகம் பேசுவார், ஆனால் பேசுவது சரியாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை.

இதையெல்லாம் எனக்கு எழுதி என்ன பிரயோசனம்? உங்கள் பெண்ணுக்கு எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் எழுதாமல் வந்து நில்லுங்கள். இனிமேல் தபாலில் போட்டால் மழைக்குள் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு அப்புறம் போய்ச் சேர்ந்தாலும் சேரும். கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? பதினேழாம் தேதி துறைமுகத்தில் நான் வந்து நிற்கிறேன். பத்தொன்பதாம் தேதி மட்டும் என்னால் முடியாது, தாஆல் ஊருக்கு ஒரு பயணக் கூட்டத்தைக் கூட்டிப்போக ஒத்துக்கொண்டுவிட்டேன். அது ஒரு வகையில் நல்லதுதான். நான் பக்கத்தில் இருந்தால் கோயில் வாசலில் உங்களை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவேன்.

பயப்படாமல் வாருங்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வாருங்கள்.

அம்பாரோ


ஹாரோ
11 ஜூன் 1993

அம்பாரோ,

டிக்கெட் எடுத்துவிட்டேன். மாதர் சங்கத்தில் சொன்னேன். பத்ரோசினியோ அம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "பதிதர் கோயில்ல மறுபடியும் கால் வைக்கப் போறியா கொன்சொர்சியா?" என்றாள். "கால் வைக்கத்தான் போறேன், குடியிருக்கப் போகல" என்றேன். பங்குச் சாமியார் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "போங்க. ஆனா அங்க நற்கருணை வாங்காதீங்க" என்றார். அப்புறம் கதவு வரைக்கும் வந்து, "ஃபினாவுக்கு என் ஆசீரைச் சொல்லுங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

உனக்கு ஒரு வேலை. மழை நிற்க மன்றாடுகிற கிளாரம்மாள் மடத்துக் கன்னியாஸ்திரீகளிடம் ஒரு டஜன் முட்டை காணிக்கையாகக் கொண்டுபோய்க் கொடு. பத்தொன்பதாம் தேதி மழை வரக் கூடாது என்று எழுதிக் கொடு. நல்ல முட்டையாகப் பார்த்து வாங்கு. கல்யாணம் நிற்க வேண்டும் என்று கேட்ட கிழவி இப்போது மழை நிற்க வேண்டும் என்கிறாள் என்று சிரிக்காதே. சிரித்துத் தொலை, ஆனால் முட்டையைக் கொடுத்துவிடு.

ஃபினாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

கொன்சொர்சியா


மணிலாத் துறைமுகம்
21 ஜூன் 1993

அம்பாரோ,

கப்பல் இரண்டு மணி நேரம் தாமதம் என்கிறார்கள். பெட்டி மேலே தாளை வைத்து எழுதுகிறேன். நீ தாஆலிலிருந்து திரும்பியதும் படி.

முதலில் உன் முட்டையைப் பற்றி. அது கோழி முட்டைதானா, பல்லி முட்டையா? வானம் பிளந்துகொண்டு கொட்டியது. பாண்டகானில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். கவுன்சிலர் நீ சொன்னபடியே தாமதமாக வந்தார், ஆனால் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

நான் முன்னதாகவே போய் வாசலில் நின்றேன். கார் வந்தது. ஃபினா வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். என்னைப் பார்த்தாள். ஒரு வருஷமாக என்னென்னவோ பேசத் தயார் செய்துவைத்திருந்தேன். அவள் என் காலைப் பார்த்து, "அம்மா, செருப்பெல்லாம் நனைஞ்சு போச்சே" என்றாள். "உன் உடுப்பைப் பாருடி முதல்ல" என்றேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானப் பேச்சுவார்த்தை. அவள் மெலிந்திருக்கிறாள். அவளுடைய அப்பாவின் நெற்றி அப்படியே அவளுக்கு.

உள்ளே பாட்டு ஆரம்பித்தார்கள். பீடத்தருகில் அந்தப் பையன் ரொஹெலியோ நின்றான். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவன் மாதிரி வெளிறிப்போயிருந்தான். எல்லாரும் எழுந்து திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு அடி வைத்தோம். ஃபினா நின்றுவிட்டாள். என் காதில், யாருக்கும் கேட்காதபடி, "அம்மா, உங்களுக்கு இப்பவும் மனசு இல்லேன்னா சொல்லிடுங்க. நான் திரும்பிடறேன். உங்களை அழ வெச்சுட்டு என்னால முடியாது" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை அம்பாரோ. எனக்கு அவளைத் தெரியும். நான் தலையை அசைத்திருந்தால் போதும், அந்த மழையில் அப்படியே திரும்பியிருப்பாள். ஆறு கோயில் ஏறி இறங்கி நான் கேட்டதை ஆண்டவர் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, சரி, வேண்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முகமும் எங்கள் பக்கம் இருந்தது. எனக்கு யார் முகமும் தெரியவில்லை, இவள் முகம் மட்டும்தான் தெரிந்தது.

"பேசாம நடடி" என்றேன். நடந்தோம்.

கொன்சொர்சியா